ராத்திரி 1.52-க்கு அறுந்த யூஎஸ்பி

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு மாடி அறையில் என் வேலை. சோலார் வைத்திருக்கும் வீடுகளிலிருந்து வரும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி பேக்குகளைப் பிரித்து, சோர்ந்துபோன செல்லை மாற்றி, இன்னும் எவ்வளவு கொள்ளளவு மிச்சமிருக்கிறது என்று சோதித்துத் தருகிறேன். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேக்கை 10 ஆம்பியரில் இறக்கினால், அதாவது சார்ஜைக் காலி செய்தால், பத்து மணி நேரம் பிடிக்கும். அதனால் சோதனை ராத்திரியில்தான் ஓடும். நான் தூங்கும்போதும் மேஜையில் இருக்கும் கருவிகளும் லேப்டாப்பும் விடாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பேச்சை யூஎஸ்பி கேபிளில் விடுவதா, லேன் (நெட்வொர்க்) கேபிளில் விடுவதா என்பதுதான் இங்கே விஷயம்.

மேஜையில் நான்கு கருவிகள். பேக்கை இறக்குவதற்கு ஒரு எலக்ட்ரானிக் லோடு. மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு மின்தடையான ஷன்ட்டின் மேல் விழும் மில்லிவோல்ட்டைப் படிக்க ஆறரை இலக்க மல்டிமீட்டர். பேக்கின் முனை மின்னழுத்தத்தைத் தனியாகப் பார்க்க ஒரு மலிவான மீட்டர். சார்ஜரின் ரிப்பிளை, அதாவது வெளியீட்டு மின்னழுத்தத்தில் மிஞ்சும் சிறு ஏற்ற இறக்கத்தை, பார்க்க நான்கு சேனல் ஆஸிலோஸ்கோப். மலிவான மீட்டரைத் தவிர மற்ற மூன்றின் பின்புறத்திலும் யூஎஸ்பி துளையும் உண்டு, லேன் துளையும் உண்டு. ஆனால் பெட்டியைத் திறந்ததும் கையில் கிடைத்தது யூஎஸ்பி கேபிள். அதைச் செருகினேன், உடனே வேலை செய்தது. லேன் துளை இரண்டு வருஷமாகத் தூசி பிடித்துக் கிடந்தது.

பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். பைவிசா நூலகம் வழியாக ஐந்து விநாடிக்கு ஒருமுறை எல்லாக் கருவிகளையும் கேட்டு, நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதும். பேக் 10 வோல்ட்டுக்கு இறங்கியதும் லோடை நிறுத்தச் சொல்லும். இந்தக் கடைசி வரிதான் பின்னால் என்னை வதைத்தது.

அன்று இரவு 9.30-க்குச் சோதனையைத் தொடங்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் கோப்பின் கடைசி வரி 1.52. அதற்குப் பிறகு ஒரு எண்ணும் இல்லை. கணக்கு ஏறக்குறைய 43.7 ஆம்பியர்-மணியோடு நின்றுவிட்டது. அதைவிட மோசமான விஷயம், கணினியோடு இருந்த இணைப்புதான் அறுந்ததே தவிர லோடு நிற்கவில்லை. அதற்குக் கிடைத்த கடைசிக் கட்டளை '10 ஆம்பியர் எடு' என்பது. நிறுத்து என்று சொல்ல ஆள் இல்லாததால் விடிய விடிய எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பேக்கினுள் செல்களைக் காக்கும் பலகையான பிஎம்எஸ்ஸின் ப்ளூடூத் செயலியைத் திறந்து பார்த்தேன். பலவீனமான செல் 2.2 வோல்ட் வரை இறங்கிய பிறகுதான் பிஎம்எஸ் இணைப்பை வெட்டியிருந்தது. அது வாடிக்கையாளரின் பேக். அந்தக் காலையில் கை நடுங்கியதை இன்னும் மறக்கவில்லை.

அதனால் எந்தக் கேபிள் என்ற பேச்சுக்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். நிறுத்த வேண்டிய எல்லையைக் கணினியிடம் மட்டும் விடாதீர்கள். என் லோடில் பேட்டரி சோதனை முறை என்று ஒன்று இருக்கிறது. அதில் 10 வோல்ட் என்று எழுதிவிட்டால் கணினி செத்தாலும் அது தானே நின்றுவிடும். முன்பக்கத்தில் இரண்டு பொத்தான் தூரத்தில் இருந்த வசதி அது. இப்போது முதல் எல்லை லோடுக்குள், இரண்டாவது ஸ்கிரிப்டில், மூன்றாவது பிஎம்எஸ்ஸில்.

சரி, 1.52-க்கு என்னதான் நடந்தது? லேப்டாப்பில் லினக்ஸ் இருப்பதால் கர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) எழுதிய பதிவைப் பார்க்க முடிந்தது. அந்த நிமிஷத்தில் ஹப் (ஒரு யூஎஸ்பி துளையைப் பல துளையாக்கும் பெட்டி) அந்தப் போர்ட்டை முடக்கிவிட்டதாகவும் மறுபடி இயக்குவதாகவும் ஒரு வரி. அடைப்புக்குள் 'ஈஎம்ஐ' என்று எழுதி ஒரு கேள்விக்குறி. மின்காந்தக் குறுக்கீடாக இருக்குமோ என்று கர்னலே சந்தேகப்பட்டிருக்கிறது. அடுத்த வரியில் அதே கருவி புதிய எண்ணோடு மறுபடி பதிவாகியிருந்தது. அதாவது கருவி திரும்பி வந்துவிட்டது. ஆனால் என் ஸ்கிரிப்ட் பிடித்துக்கொண்டிருந்தது பழைய எண்ணை.

கீழ்த்தளம் லேத் பட்டறை. இறங்கிப் போய்க் கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, ராத்திரி ரெண்டு மணி வாக்குல மோட்டார் ஏதாச்சும் ஓட்டுனீங்களா?"

"ஆமாங்க தம்பி, அவசர ஆர்டர். பெரிய லேத்தைப் போட்டமுங்க. ஏனுங்க, உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுங்களா?"

நடந்ததைச் சொன்னதும் அவரே உதவிக்கு வந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில், மற்ற மெஷின்கள் நின்றிருந்தபோது, பெரிய லேத்தின் ஸ்டார்ட்டரைப் பத்து முறை போட்டு நிறுத்தினார். மேலே நான் பேக் இல்லாமல் ஸ்கிரிப்டை மட்டும் ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தில் மூன்று முறை யூஎஸ்பி அறுந்தது. கேபிளின் இரு முனையிலும் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் போட்டு, கேபிளை அதில் மூன்று சுற்று சுற்றியபோது பத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. ஹப்பை எடுத்துவிட்டு மல்டிமீட்டரை மட்டும் ஒரு மீட்டர் கேபிளில் நேரடியாக லேப்டாப்பில் செருகியபோது ஒருமுறையும் அறுபடவில்லை. பிறகு மூன்று கருவிகளையும் ஒரு சின்ன ஐந்து போர்ட் நெட்வொர்க் ஸ்விட்ச் வழியாக லேனுக்கு மாற்றினேன். பத்து முறையும் தாக்குப்பிடித்தது. அவருக்கு ஆர்வம் வந்து இன்னும் இருபது முறை போட்டுக் காட்டினார். ஒன்றுகூட அறுபடவில்லை.

இதற்குக் காரணத்தைத் தேடிப் படித்ததில் எனக்குப் புரிந்தது இது. ஒரு பாக்கெட் கெட்டுப்போனால் யூஎஸ்பியும் மறுபடி அனுப்பிப் பார்க்கும். ஆனால் தொடர்ந்து மூன்று முறை தோற்றால் அந்தப் பரிமாற்றத்தையே கைவிட்டுவிடும். தரவுக் கம்பிகளில் வரும் அதிர்வை ஹப் 'கருவியைப் பிடுங்கிவிட்டார்கள்' என்று எடுத்துக்கொண்டால் கதை அங்கேயே முடிந்தது. எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். லேனில் அப்படி இல்லை. லேனில் தரவைத் தவறாமல் கொண்டுசேர்க்கும் முறையான டிசிபியில், இணைப்பின் நினைவு இரண்டு முனைகளிலும் இருக்கிறது. நடுவில் ஒரு விநாடி கம்பியே இல்லாமல் போனாலும், திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து அனுப்பிக்கொள்ளும். சோதித்துப் பார்ப்பதற்காக நானே லேன் கேபிளைப் பிடுங்கி மூன்று விநாடி கழித்துச் செருகினேன். கோப்பில் ஒரு வரி தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

தூரமும் ஒரு காரணம். யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு எல்லை 5 மீட்டர். லேன் கேபிளுக்கு 100 மீட்டர். லோடின் மின்விசிறிச் சத்தம் தாங்காமல் அதை ஜன்னலோரம் தள்ளி வைத்திருந்தேன். அங்கே வரை இரண்டு கேபிளைக் கோத்து இழுத்திருந்ததும் அன்றைய தவறில் ஒரு பங்கு.

இதுவரை சொன்னது ஒரு பாதி. லேனை நான் மனதார நம்பத் தொடங்கியது அதற்கு அடுத்த வாரம், ஆஸிலோஸ்கோப்பில் ஒரு சார்ஜரின் ரிப்பிளைப் பார்க்கும்போது.

சார்ஜர் வெளியீட்டில் 40 மில்லிவோல்ட்டுக்கு மேல் முள் முள்ளாக இரைச்சல். கெப்பாசிட்டர் போய்விட்டது என்று நினைத்து இரண்டை மாற்றினேன். குறையவில்லை. ப்ரோபின் நீள எர்த் கம்பியைக் கழற்றி, முனையிலேயே மாட்டும் சின்ன ஸ்பிரிங்கைப் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. கடைசியில் ப்ரோபின் முனையையும் அதன் எர்த் கிளிப்பையும் சார்ஜரின் ஒரே நெகட்டிவ் புள்ளியில் சேர்த்து வைத்தேன். அப்படி வைத்தால் திரையில் ஒன்றுமே வரக்கூடாது. வந்தது. அப்படியென்றால் அந்த இரைச்சல் சார்ஜரின் வெளியீட்டில் இல்லை, அளக்கும் வழியில் இருக்கிறது. படம் எடுப்பதற்காக ஸ்கோப்பில் செருகியிருந்த யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கினேன். முட்கள் மறைந்தன. மறுபடி செருகினேன், வந்தன. மாற்றிய இரண்டு கெப்பாசிட்டரும் நல்லவைதான்.

என்ன நடக்கிறது என்றால், மேஜை ஸ்கோப்பில் ப்ரோபின் எர்த் கிளிப், ஸ்கோப்பின் உடல், சுவரில் இருக்கும் எர்த் பின் மூன்றும் ஒன்றே. யூஎஸ்பி கேபிளின் ஷீல்டும் அதன் கிரவுண்ட் கம்பியும் அதே உடலோடு சேர்ந்திருக்கின்றன. கேபிளின் மறுமுனையில் லேப்டாப், அதற்குப் பின்னால் அதன் சார்ஜர். லேப்டாப் சார்ஜரும் ஒரு எஸ்எம்பிஎஸ்தான், அதாவது உயர் அதிர்வெண்ணில் ஸ்விட்ச் செய்து மின்னழுத்தத்தை மாற்றும் பவர் சப்ளை. அதன் மெயின்ஸ் பக்கத்துக்கும் வெளியீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒய் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் உயர் அதிர்வெண் மின்னோட்டம் யூஎஸ்பி ஷீல்டில் ஏறி, ஸ்கோப் வழியாக, என் ப்ரோபின் எர்த் கம்பி வழியாகவும் சுற்றுகிறது. அந்தக் கம்பியின் தூண்டலில் விழும் மின்னழுத்தத்தைத்தான் நான் ரிப்பிள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினால் இரைச்சல் பெருமளவு குறைவதும் இதனால்தான். இதை யாரும் ஒரு நிமிஷத்தில் சோதித்துப் பார்க்கலாம். முனையும் கிளிப்பும் ஒரே புள்ளியில், யூஎஸ்பி செருகி ஒருமுறை, பிடுங்கி ஒருமுறை.

லேனில் இந்தச் சுற்று உருவாவதில்லை. ஈத்தர்நெட் துளைக்கு, அதாவது லேன் துளைக்கு, பின்னால் ஒவ்வொரு ஜோடிக் கம்பிக்கும் ஒரு சின்ன மின்மாற்றி இருக்கிறது. 1500 வோல்ட் ஏசியை ஒரு நிமிஷம் தாங்க வேண்டும் என்பது ஈத்தர்நெட் தரத்திலேயே எழுதப்பட்ட விதி. தரவு காந்தப் புலமாகத் தாண்டிப் போகிறது, கிரவுண்ட் தாண்டுவதில்லை. ஸ்கோப்பை லேனுக்கு மாற்றியதும், எதுவுமே செருகாதபோது என்ன தெரிந்ததோ அதேதான் திரையில் தெரிந்தது. சார்ஜரின் உண்மையான ரிப்பிள் 8 மில்லிவோல்ட்.

ஆனால் இங்கே கேபிள் வாங்கும்போது கவனம் வேண்டும். கடையில் 'நல்ல கேபிள்' என்று சொல்லி, உலோக முனை வைத்த ஷீல்டு கேபிளை எடுத்துக் கொடுப்பார்கள். உலோக உடம்பு ஸ்விட்ச்சில் அதைச் செருகினால் ஷீல்டு வழியாகவே எர்த் மறுபடி சேர்ந்துவிடும், மின்மாற்றி இருந்தும் பயனில்லை. இந்த வேலைக்கு பிளாஸ்டிக் முனை உள்ள சாதாரண யூடிபி (ஷீல்டு இல்லாத) கேபிள்தான் சரி. விலையும் குறைவு. இன்னொன்று, லேன் மின்மாற்றியை உயிர்காக்கும் தடுப்பாக நினைத்துவிட வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸின் மெயின்ஸ் பக்கத்தில் கை வைப்பதாக இருந்தால், சோதிக்கும் பலகைக்கு ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரோ, டிஃபரென்ஷியல் ப்ரோபோ கட்டாயம். ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டி மிதக்க விடும் பழக்கம் இன்னும் சில மேஜைகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அப்படி விட்டால் ஸ்கோப்பின் உடலே லைவ் ஆகும். யூஎஸ்பி செருகியிருந்தால் லேப்டாப்பின் உடலும் சேர்ந்து லைவ் ஆகும்.

யூஎஸ்பியில்தான் ஆக வேண்டும் என்றால், இரு பக்கக் கிரவுண்டையும் பிரித்துவைக்கும் ஐசோலேட்டர் பலகை கிடைக்கிறது. பெரும்பாலும் அனலாக் டிவைசஸின் ஏடியூஎம்3160 அல்லது 4160 சிப் போட்டது. என்னிடமும் ஒன்று இருக்கிறது. மல்டிமீட்டருக்கு அருமையாக வேலை செய்கிறது. அந்தச் சிப்பின் வேகம் 12 மெகாபிட் வரைதான், நடைமுறையில் விநாடிக்கு 1.2 மெகாபைட்டைத் தாண்டாது. ஸ்கோப்பின் நினைவில் இருக்கும் 24 மில்லியன் புள்ளிகளை அதன் வழியாக இழுத்தால் குறைந்தது 20 விநாடி.

வேகத்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். காகிதத்தில் யூஎஸ்பி 2.0 480 மெகாபிட், என் ஸ்கோப்பின் லேன் 100 மெகாபிட். ஆனால் எந்தக் கேபிளில் இழுத்தாலும் அலைவடிவம் வரும் நேரத்தில் என்னால் பெரிய வித்தியாசம் காண முடியவில்லை. தாமதம் ஸ்கோப்பின் உள்ளே, அதன் செயலி தரவைக் கோத்துக் கொடுப்பதில் இருக்கிறது. மல்டிமீட்டரில் இது இன்னும் தெளிவு. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுழற்சி 20 மில்லிவிநாடி. இரைச்சல் நீங்குவதற்காகப் பத்து சுழற்சி சராசரி எடுக்கச் சொன்னால் ஒரு அளவீட்டுக்கே 200 மில்லிவிநாடி, மீட்டர் தன் பூஜ்யத்தையும் ஒவ்வொரு முறை அளந்து கழிக்கும் ஆட்டோ ஜீரோவும் போட்டால் அதில் இரு மடங்கு. கேபிளில் ஒரு மில்லிவிநாடி கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

லேனிலும் எனக்குப் பாடுகள் இருந்தன, அதையும் சொல்ல வேண்டும்.

முதலாவது ஐபி முகவரி. கரண்ட் போய் வந்த ஒரு நாள், கருவிகள் வேறு முகவரியோடு எழுந்து நின்றன. ஸ்கிரிப்ட் லோடிடம் பேசுவதாக நினைத்து மல்டிமீட்டரிடம் பேசியது. ரௌட்டரில் ஒவ்வொரு கருவியின் மேக் முகவரிக்கும் (தயாரிப்பிலேயே பதிந்த அடையாள எண்) ஒரு நிலையான ஐபியை ஒதுக்கிய பிறகு இது தீர்ந்தது. அதோடு, ஸ்கிரிப்ட் தொடங்கும்போது ஒவ்வொரு கருவியிடமும் அடையாளம் கேட்டு, சீரியல் எண் ஒத்துப்போனால் மட்டுமே மேலே போகும்படி எழுதினேன். யூஎஸ்பியில் இந்தத் தொல்லை இல்லை என்பது உண்மை. அதன் முகவரியிலேயே சீரியல் எண் இருக்கிறது. ரௌட்டரே இல்லாமல் ஸ்கோப்பையும் லேப்டாப்பையும் நேராக ஒரு கேபிளில் இணைக்கலாம். அப்போது இரண்டும் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தாமே எடுத்துக்கொள்ளும். ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, என் மூன்று நாளைத் தின்றது. லேனில் ஸ்கிப்பி (அளவுக் கருவிகளுக்கான பொதுக் கட்டளை மொழி) கட்டளைகளை அனுப்ப எளிய வழி நேரடி சாக்கெட். கீசைட் கருவிகளில் 5025, ரைகோலில் 5555 என்று போர்ட் எண் இருக்கும். வரியை எழுதி வரிமுடிவுக் குறி போட்டு அனுப்பினால் பதில் வரும். மல்டிமீட்டரில் இது அப்படியே ஓடியது. ஸ்கோப்பின் அலைவடிவம் மட்டும் சில நேரம் முழுதாக வந்தது, சில நேரம் பாதியில் நின்றது. கேபிளை மாற்றினேன், ஸ்விட்ச்சை மாற்றினேன். காரணம் என் ஸ்கிரிப்டில் இருந்தது. அலைவடிவம் பைட்டுகளாக வருகிறது. ஒரு புள்ளியின் மதிப்பு 10 என்று அமைந்துவிட்டால், வரிமுடிவுக் குறியின் எண்ணும் 10 என்பதால், ஸ்கிரிப்ட் பதில் முடிந்துவிட்டது என்று நினைத்து வாசிப்பதை நிறுத்திவிடும். அலையை மேலே நகர்த்தினால் சரியாக வந்ததும், கீழே நகர்த்தினால் அறுந்ததும் இதனால்தான்.

சரியான முறை, முதலில் வரும் தலைப்பை வாசிப்பது. #9000001200 என்று வந்தால், 9 என்பது அடுத்து வரும் இலக்கங்களின் எண்ணிக்கை, அந்த ஒன்பது இலக்கமும் சொல்வது 1200 பைட். அந்த 1200 பைட்டை எண்ணி வாசித்துவிட்டு, அதன் பிறகே வரிமுடிவைத் தேட வேண்டும். யூஎஸ்பியில் இந்தக் குழப்பம் வராது. யூஎஸ்பிடிஎம்சி என்ற அளவுக் கருவிகளுக்கான வகுப்பில், செய்தி எங்கே முடிகிறது என்பதற்குத் தனி பிட்டே இருக்கிறது. லேனிலும் விஎக்ஸ்ஐ-11, ஹைஸ்லிப் என்ற முறைகளில் அதேபோல முடிவுக் குறி தனியாக வரும். அவற்றைப் பயன்படுத்தினால் பைவிசா பார்த்துக்கொள்ளும். விஎக்ஸ்ஐ-11 முதலில் 111-ஆம் போர்ட்டில் விசாரித்துவிட்டுத்தான் வேறு போர்ட்டுக்குப் போகும். அதனால் ஃபயர்வால் இருக்கும் இடத்தில் திணறும். ஹைஸ்லிப்புக்கு 4880 ஒன்று திறந்திருந்தால் போதும்.

நேரடி சாக்கெட்டில் இன்னொரு சிறு விஷயம். கட்டளையையும் வரிமுடிவையும் இரண்டு தனித் துண்டாக அனுப்பாதீர்கள். இரண்டாவது துண்டு, முதல் துண்டுக்கான ஒப்புகைக்காகக் காத்திருக்கும். உள்ளே லினக்ஸ் ஓடும் கருவி அந்த ஒப்புகையை 40 மில்லிவிநாடி வரை தள்ளிப்போடலாம். லேன் மந்தம் என்று சிலர் சொல்வதில் ஒரு பகுதி இதுவாக இருக்கலாம். ஒரே துண்டாகச் சேர்த்து அனுப்பியதும் எனக்கு அந்தத் தாமதம் போய்விட்டது.

மூன்றாவது, பூட்டு. ஸ்கிப்பி சாக்கெட்டுக்குக் கடவுச்சொல் கிடையாது. ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் யார் வேண்டுமானாலும் பவர் சப்ளையை 30 வோல்ட்டுக்கு ஏற்றலாம். அதனால் கருவிகளின் ஸ்விட்ச்சை வீட்டு வைஃபையோடு சேர்க்காமல் தனியாக வைத்திருக்கிறேன். முகவரி ஒதுக்கும் பழைய ரௌட்டரும் ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினியும் அதில் இருக்கின்றன. அந்த ரௌட்டருக்கு வெளி இணைப்பு கிடையாது. ராஸ்பெர்ரி பைக்கு மட்டும் வைஃபை வழியாக வெளியுலகம் தெரியும். ஸ்விட்ச், ரௌட்டர், பை மூன்றும் ஒரு சின்ன யூபிஎஸ்ஸில். லேப்டாப்புக்கு இப்போது ராத்திரி வேலை இல்லை.

யூஎஸ்பியை முழுதாக விட்டுவிட்டேனா என்றால் இல்லை. ஒரு மீட்டரோடு உட்கார்ந்து அரை மணி நேரம் ரெசிஸ்டர்களைத் தரம் பிரிக்கும்போது இன்னும் அந்தக் கேபிள்தான். வெளியே ஒரு நிறுவனத்துக்கு வேலைக்குப் போனால் அவர்களுடைய நெட்வொர்க்கில் நம் கருவியைச் செருக விடமாட்டார்கள், அது நியாயமும்கூட. அங்கேயும் யூஎஸ்பிதான். அந்த மலிவான மீட்டரில் யூஎஸ்பி என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது சிஎச்340 என்ற சீரியல் மாற்றிச் சிப். அதற்குத் தனி சீரியல் எண் இல்லாததால், இரண்டு மீட்டரைச் செருகினால் எது எது என்று கணினிக்குத் தெரியாது. லினக்ஸில் பை-பாத் என்ற பெயரில் பிடித்தால், எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்து அடையாளம் கிடைக்கும். துளைக்குப் பக்கத்தில் நான் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். இந்த மீட்டர் இப்போது ஐசோலேட்டர் வழியாக, அரை மீட்டர் கேபிளில், ராஸ்பெர்ரி பையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பேக்கின் உரிமையாளரிடம் நடந்ததைச் சொன்னேன். பலவீனமான செல்லை என் செலவில் மாற்றி, முழுதாகச் சார்ஜ் செய்து, செல்களைச் சமப்படுத்தி, போன வியாழன் இரவு 9.15-க்கு மறுபடி சோதனையைத் தொடங்கினேன். கீழே அன்றைக்கும் ராத்திரி ஷிஃப்ட் இருந்தது. காலை 6.23-க்கு லோடு தானே 10 வோல்ட்டில் நின்றிருந்தது. கோப்பில் இடைவெளி இல்லை. 91.4 ஆம்பியர்-மணி.